அம்மாவின் தோசைக்கல்லும் சேலத்து எவர்சில்வரும்

போன மாதம் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். "அப்பா, நீங்க சயின்ஸ் வாத்தியார்தானே, ஒண்ணு கேக்கறேன். வார்ப்பு தோசைக்கல் வாங்கலாமா, எவர்சில்வர் தவா வாங்கலாமா? நெட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றாள்.

ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஓய்வு பெற்று 14 வருடம் ஆன வாத்தியாரிடம் ஒருவர் சந்தேகம் கேட்டால் சும்மா விடுவாரா? முக்கால் மணி நேரம் பேசினேன். "சரிப்பா, குக்கர் வெச்சிருக்கேன்" என்று அவள் போனை வைத்த பிறகும் சொல்ல வேண்டியது மனதில் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். சமையல் குறிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இரண்டு உலோகங்களுக்கும் நம் தர்மபுரி, சேலம் பக்கத்து மண்ணுக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. அதைப் பற்றியது இது.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

1991-ல் என் மனைவி பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் அம்மாவும்தான். காலையில் அம்மாவுக்கு நான்கு தோசை வார்த்துக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்ற அவசரத்தில், கொதித்துக்கொண்டிருந்த தோசைக்கல்லை அப்படியே கொண்டுபோய்க் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். ஓரத்திலிருந்து நடுவரைக்கும் விரிசல். எடுத்துத் திருப்பும்போது இரண்டாகக் கையோடு வந்துவிட்டது.

அதற்கு முந்தின நாள்தான் எட்டாம் வகுப்பில் 'வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும்' பாடம் நடத்தியிருந்தேன்.

அம்மா கோபப்படவில்லை. "காய்ச்சல் அடிக்கிற உடம்புல பச்சத் தண்ணிய ஊத்துவியாடா?" என்று மட்டும் கேட்டாள். அது அவள் கல்யாணமாகி வந்த வருடம் வாங்கிய கல். நாற்பது வருடத்துக்கு மேல் அதில் தோசை வார்த்திருக்கிறாள். வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, "இது வார்ப்பு சார். ஒட்டினாலும் பக்கத்துல விடும். விட்டுடுங்க" என்றார். அந்த இரண்டு துண்டில் ஒன்று இன்றைக்கும் எங்கள் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி மூடியின்மேல் பாரமாகக் கிடக்கிறது.

கரி எவ்வளவு என்பதுதான் கணக்கு

எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தால் நசுங்கும். வார்ப்புக் கல் விழுந்தால் உடையும். இரண்டுமே இரும்புதான். பின் ஏன் இந்த வித்தியாசம்?

சமையலில் உப்பு எப்படியோ, இரும்பில் கரி அப்படி. கரி ஏறக்குறைய இல்லாத இரும்பு தேனிரும்பு. மெத்தென்று அடிக்க வளையும். ஒன்று, ஒன்றரை சதவீதம் வரை கரி சேர்ந்தால் உருக்கு. வளையவும் செய்யும், கூர்மையும் நிற்கும். இரண்டு சதவீதத்தைத் தாண்டி மூன்று, நான்கு என்று போனால் வார்ப்பிரும்பு. சுத்தமான இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். வார்ப்பிரும்போ 1150, 1200 டிகிரியிலேயே தண்ணீராக ஓடும். அதனால்தான் அச்சில் ஊற்றித் தோசைக்கல், பணியாரக்கல், பம்பு, சாக்கடை மூடி என்று எது வேண்டுமானாலும் வார்க்க முடிகிறது. ஆனால் அதில் மிகுந்திருக்கும் கரி, ஆறும்போது செதில் செதிலாக உள்ளே தங்கிவிடும். ஒவ்வொரு செதிலும் பிறவியிலேயே உள்ள ஒரு விரிசல் மாதிரி. மேலிருந்து அமுக்கினால் எவ்வளவு பாரமும் தாங்கும். இழுத்தாலோ, அடித்தாலோ, சட்டென்று ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்து சுருங்கினாலோ, அந்தச் செதில் வழியே பிளந்துகொள்ளும். என் குழாயடியில் நடந்தது அதுதான்.

எவர்சில்வர் வேறு வழியில் போனது. அதில் கரி மிகக் குறைவு. பதிலுக்குக் குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம். நல்ல பாத்திரமென்றால் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். இந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பாத்திரத்தின்மேல் ஒரு சவ்வு கட்டுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்குதான் அதன் கனம். கண்ணுக்கே தெரியாது. கீறினால் அந்த இடத்தில் தானே மறுபடி கட்டிக்கொள்ளும். சாதாரண இரும்பின் துரு அப்படியல்ல. அது பொருக்குப் பொருக்காக உப்பி உதிர்ந்து, உள்ளே இருப்பதையும் காற்றுக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

அடுப்படிக் கணக்கு

"வார்ப்புக் கல் கனமா இருக்கே, எவர்சில்வர் லேசா இருக்கே" என்றாள் மகள். நம்மில் நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். உண்மை தலைகீழ். ஒரு கன சென்டிமீட்டர் வார்ப்பிரும்பு 7.2 கிராம்தான். எவர்சில்வர் 7.9 கிராம். கல் கனமாக இருப்பது அதன் தடிப்பால். வார்ப்பில் மெல்லியதாகச் செய்தால் உடைந்துவிடும் என்று தடியாக ஊற்றுகிறார்கள்.

ஓர் அடி அகலம், 6 மில்லிமீட்டர் தடிப்பு உள்ள வார்ப்புக் கல் சுமார் மூன்று கிலோ வரும். அதே அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் எவர்சில்வர் தகடு அரைக் கிலோ சொச்சம். கிராமுக்குக் கிராம் பார்த்தால் இரண்டும் பிடித்து வைக்கும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மொத்தமாகப் பார்த்தால் கல் ஐந்து மடங்கு சூட்டைச் சேமித்து வைத்திருக்கிறது. ஒரு கரண்டி குளிர்ந்த மாவை ஊற்றினால் தகடு சோர்ந்து போகும். கல் அசையாது. முறுகலின் ரகசியம் இவ்வளவுதான்.

இன்னொன்று சூடு பரவுவது. வெப்பக் கடத்துதிறன் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். செம்புக்கு 400 என்றால் அலுமினியத்துக்கு 235, வார்ப்பிரும்புக்கு 50, எவர்சில்வருக்கு 16. பால் காய்ச்சும்போது எவர்சில்வர் பாத்திரத்தில் நெருப்புப் படும் இடத்தில் மட்டும் வட்டமாக அடிப்பிடிப்பதற்கும், அடியில் செம்பு பூசிய பாத்திரம் வந்ததற்கும் காரணம் இதுதான்.

ஆனால் ரசம், புளிக்குழம்பு, மோர் என்றால் எவர்சில்வரை அடித்துக்கொள்ள முடியாது. புளி அந்தச் சவ்வை ஒன்றும் செய்யாது. இரும்புச் சட்டியில் புளி வைத்தால் கறுத்துப் போகும், கொஞ்சம் இரும்பும் குழம்பில் இறங்கும். அது கெடுதலும் அல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. டாக்டர் கொடுக்கும் மாத்திரைக்குச் சட்டி ஈடாகாது. ஆனாலும் இரும்பு விளைந்த சீமையில் இரத்தத்தில் இரும்பு இல்லை என்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

சிட்டக்கல் மேடு

இரும்பு விளைந்த சீமை என்று சும்மா சொல்லவில்லை. பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் மானாவாரிக் காடு ஒன்றின் ஓரத்தில் ஒரு மேடு இருந்தது. கருப்பாக, கண்ணாடி மாதிரிப் பளபளப்பும் நுரை மாதிரி ஓட்டைகளும் உள்ள கற்கள் குவிந்து கிடக்கும். சிட்டக்கல் என்போம். ஆடு மேய்க்கும்போது அதை வைத்துத்தான் விளையாட்டு. அந்தக் காலத்து ராட்சசன் சமைத்த அடுப்பின் சாம்பல் என்று பாட்டி சொல்வாள்.

பாட்டி பாதி சரிதான். அது அடுப்பின் மிச்சம்தான். இரும்பு உருக்கிய உலைகளின் கிட்டம் அது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் இப்படிப்பட்ட மேடுகள் நிறைய. எவ்வளவு பழையது இந்தத் தொழில்? கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் தொல்லியல் துறை தோண்டி எடுத்தவற்றை ஆய்வு செய்து, அங்கே கி.மு. 2172-லேயே இரும்பு இருந்ததாக 2022-ல் தமிழக அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. 2004-ல் கிருஷ்ணகிரி பிரியும்வரை அதுவும் நம் தர்மபுரி மாவட்டம்தான். கங்கைச் சமவெளியில் பெரிய பெரிய நகரங்கள் எழுவதற்கு ஆயிரம் வருடத்துக்கும் முன்னால் இங்கே யாரோ உலை ஊதியிருக்கிறார்கள்.

தாதுவும் கையெட்டும் தூரத்தில்தான். 1864-ல் கிங், ஃபுட் என்ற இரண்டு புவியியலாளர்கள் சேலம் பகுதியின் காந்த இரும்புத் தாது மலைகளை ஐந்து தொகுதியாகப் பிரித்து எழுதினார்கள். அதில் கஞ்சமலை ஒன்று. அரூர் பக்கத்துத் தீர்த்தமலை இன்னொன்று. நாம் தீர்த்தமாடப் போகிற மலையேதான்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நம் ஊர் மண் உலைகளில் இரும்பு தண்ணீராக உருகுவதில்லை. அவ்வளவு சூடு வராது. கரியும் தாதுவும் மாறி மாறிப் போட்டுத் துருத்தி ஊதினால் கடைசியில் தேன்கூடு மாதிரி ஒரு கட்டி வரும். அதைச் சூடாகவே அடித்து அடித்துக் கிட்டத்தை வெளியேற்றினால் தேனிரும்பு. ஊதல் அதிகமாகி, கரி மிதமிஞ்சி ஏறிவிட்டால் வார்ப்பிரும்பு ஓடிவிடும். அது சம்மட்டிக்குக் கீழே தூளாகும். அதாவது இன்றைக்கு மகள் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்க நினைப்பது, நம் பழைய கொல்லருக்குக் கெட்டுப்போன இரும்பு! அக்காலத்துச் சட்டியும் கல்லும் அடித்துச் செய்தவை. வார்த்துச் செய்ததெல்லாம் பவுண்டரிகள் வந்த பிறகுதான். சீனர்கள் மட்டும் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே வார்ப்பில் கைதேர்ந்துவிட்டார்கள்.

நம்மவர்கள் கைதேர்ந்தது உருக்கில். தேனிரும்புத் துண்டோடு காய்ந்த ஆவாரங்குச்சியைப் போட்டு, எருக்க இலையால் மூடி, மண் மூசையின் வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபது இருபத்து நாலு மூசைகளை ஒரே உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆவாரங்குச்சி கரியாகி அந்தக் கரி இரும்புக்குள் ஏறும். மூசை உடையாமல் இருக்க மண்ணில் கருக்கிய உமி சேர்ப்பார்கள். உடைத்தால் உள்ளே உருக்குக் கட்டி. கன்னடத்தில் உக்கு என்று சொன்னதைத்தான் வெள்ளைக்காரர்கள் ஊட்ஸ் என்று எழுதிக்கொண்டார்கள் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆவாரமும் எருக்கும் நம் காட்டில் யாரும் நட்டு வளர்க்காதவை. மாட்டுப் பொங்கலன்று தவிர ஆவாரம்பூவை இன்றைக்கு யார் பார்க்கிறார்கள்?

ஹீத் துரையின் கதை

இந்த ஆவாரங்குச்சி விவரம் நமக்குத் தெரிவது ஜோசியா மார்ஷல் ஹீத் என்பவர் எழுதி வைத்ததால். கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் அதிகாரியாகச் சேலம் பகுதியில் இருந்தவர். அப்போது தர்மபுரியும் சேலம் ஜில்லாவில்தான். நம் மாவட்டம் தனியானது 1965-ல்.

ஹீத்துக்கு இரும்புப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. வேலையை விட்டுவிட்டு 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஊதுலை வைத்தார். கஞ்சமலைத் தாது, நம் காட்டுக் கரி, சீமை முறை. நம் தாதுவைத் தண்ணீராக உருக்கி வார்ப்பிரும்பு எடுத்த பெரிய முயற்சி அதுதான். இரும்பு கப்பலேறி இங்கிலாந்து போனது. பிறகு காவிரிக்கரைப் பூலாம்பட்டியிலும் திருவண்ணாமலையிலும் கூட உலைகள் வைத்தார்கள். ஆனால் ஒரு டன் இரும்புக்குப் பல டன் கரி வேண்டும். பக்கத்துக் காடு தீரத் தீரக் கரி தூரத்திலிருந்து வந்தது, விலை ஏறியது. 1870-களுக்குள் எல்லா உலைகளும் அணைந்துவிட்டன.

அணைந்தது கம்பெனி உலை மட்டுமல்ல. 1860-களில் ரயில் வந்தது, அதோடு மலிவான சீமை இரும்புப் பட்டையும் வந்தது. 1882-ல் சென்னை வனச்சட்டம் வந்து காட்டில் கரி சுடுவதும் கட்டுக்குள் போனது. தாதுவை அரித்து, மண் உலை கட்டி, துருத்தி மிதித்துப் பிழைத்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வேறு கூலிக்குப் போயின. அவர்கள் பெயரை எந்தப் புத்தகமும் எழுதவில்லை. ஹீத்தின் பெயர் இருக்கிறது. அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் பெயர் இல்லை.

ஹீத்தும் நன்றாக வாழவில்லை. இங்கிலாந்து திரும்பி, மூசை உருக்கில் மாங்கனீசு சேர்த்தால் தரம் கூடும் என்று கண்டு 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் அதையே கொஞ்சம் மாற்றிச் செய்து பணம் கொடுக்காமல் தப்பித்தார்கள். வழக்கிலேயே வாழ்க்கை போய் 1851-ல் இறந்தார். இந்த மாங்கனீசை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

கொல்லர் மகன் கேட்ட கேள்வி

எவர்சில்வருக்கு வருகிறேன். அதன் கதையும் நம் உருக்குக்குப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது.

1790-களில் பம்பாயிலிருந்து சில ஊட்ஸ் கட்டிகள் லண்டன் போயின. அங்கே கத்தியும் அறுவைக் கருவியும் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதைத் தட்டிப் பார்த்து அசந்துவிட்டார். இப்படியொரு உருக்கை நாம் ஏன் செய்ய முடியவில்லை? அந்தக் கேள்வியோடு அவர் சேர்ந்துகொண்டது ஓர் இளைஞரோடு. மின்சாரப் பாடத்தில் நாமெல்லாம் படிக்கும் அதே மைக்கேல் ஃபாரடே. அவர் அப்பா ஒரு கொல்லர் என்பதைப் பாடப் புத்தகம் சொல்லாது.

ஃபாரடே 1819-ல் ஊட்ஸைச் சோதித்தார். அதில் அலுமினியம் கலந்திருப்பதால்தான் இந்தச் சிறப்பு என்று முடிவு கட்டினார். அது தவறு. ஆனால் அந்தத் தவறு நல்ல வழி காட்டியது. வேறு உலோகம் கலந்தால் உருக்கு மாறும் என்றால், ஒவ்வொன்றாகக் கலந்து பார்ப்போமே என்று வெள்ளி, பிளாட்டினம், நிக்கல், குரோமியம் என்று கலந்து பார்த்தார்கள். 1820-லும் 1822-லும் இரண்டு கட்டுரைகள் வெளியாயின. கலப்பு உருக்கு என்ற துறைக்கே அவை அஸ்திவாரம். 1821-ல் பிரான்சில் பெர்த்தியே என்பவர் குரோமியம் கலந்த இரும்பை அமிலம் அவ்வளவு சுலபமாக அரிப்பதில்லை என்று கண்டார்.

அதன் பிறகு தொண்ணூறு வருடம். 1912-ல் ஜெர்மனியின் குருப் ஆலையில் குரோமியமும் நிக்கலும் கலந்த உருக்கு உருவானது. 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேய்கிறதே என்று 12.8 சதவீதம் குரோமியம் கலந்து பார்த்தார். வினிகரும் எலுமிச்சைச் சாறும் அதை ஒன்றும் செய்யவில்லை. துப்பாக்கிக்கு என்று தொடங்கியது சாப்பாட்டுக் கத்தியாக முடிந்தது. ஹீத் ஏமாந்த அதே ஷெஃபீல்டு.

எவர்சில்வரை நம்மவர்கள் கண்டுபிடித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் வாட்ஸ்அப் செய்திகளை நீங்களும் நம்பாதீர்கள். ஆனால் இரும்பை இன்னும் நன்றாக ஆக்க முடியுமா என்று ஐரோப்பாவில் எழுந்த அந்தக் கேள்விக்கு, நம் தென்னாட்டு மூசை உருக்கும் ஒரு தூண்டுகோல். அதற்குமேல் ஒரு வார்த்தையும் கூட்ட வேண்டியதில்லை. அதுவே பெரிய பெருமைதான்.

எவர்சில்வர் வந்தது

எங்கள் வீட்டுக்கு எவர்சில்வர் வந்தது 1969-ல், அக்கா கல்யாணத்துக்கு. குடம், அண்டா, தட்டு, டம்ளர். ஒவ்வொன்றிலும் அக்கா பெயரும் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. அதைப் பார்த்த அம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது. சைக்கிளில் வரும் பாத்திரக்காரரிடம் பித்தளைச் சொம்பு, தாத்தா காலத்து அடித்த இரும்புச் சட்டிகள் இரண்டு, எல்லாவற்றையும் எடைக்குப் போட்டு ஒரு தூக்குப்போசியும் நான்கு டம்ளரும் வாங்கினாள். தோசைக்கல்லை மட்டும் கொடுக்கவில்லை. "எவர்சில்வர்ல தோச வராதுடா" என்றாள். வெப்பக் கடத்துதிறன் அவளுக்குத் தெரியாது. தோசை தெரியும்.

ஏன் மாற்றினாள் என்று இப்போது யோசித்தால் அவளைக் குறை சொல்லத் தோன்றவில்லை. பித்தளைக்கு ஈயம் பூச வேண்டும். இரும்பைக் கழுவினால் உடனே துடைக்க வேண்டும், எண்ணெய் தடவ வேண்டும். ஒருநாள் மறந்தால் துரு. விடியுமுன் எழுந்து களி கிண்டிவிட்டுக் காட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டால் போதும் என்ற பாத்திரம் எவ்வளவு பெரிய விடுதலை!

அந்த நாளில்தான் சேலம் உருக்காலைக்கான குரலும் எழுந்தது. 1967-ல் அண்ணா முதல்வரான வருடம் அதற்காகவே எழுச்சி நாள் நடந்தது. 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கஞ்சமலை அடிவாரத்திலேயே ஆலை எழுந்து 1981-82-ல் உற்பத்தி தொடங்கியது. மலைத் தாதுவை வெட்டி உருக்குவார்கள் என்று நாங்கள் நினைத்தோம். நடந்தது வேறு. வெளியிலிருந்து வந்த தகட்டை மெல்லியதாக உருட்டி எவர்சில்வர் தகடாக்கும் ஆலை அது. உருக்கும் உலை 2010-ல்தான் வந்தது. ஆனாலும் 'சேலம் ஸ்டெயின்லெஸ்' என்ற பெயர் நாடெங்கும் போனது. நாணயத்துக்கான வில்லைகளும் அங்கே செய்தார்கள்.

காண்டாமிருகம் போட்ட 25 காசு ஞாபகமிருக்கிறதா? 1988 முதல் வந்தது, அதுவும் எவர்சில்வர்தான். அதைக் காந்தத்தில் ஒட்ட வைத்து வகுப்பில் காட்டுவேன். "காந்தம் ஒட்டினா டூப்ளிகேட்டுன்னு அம்மா சொன்னாங்க சார்" என்று ஒரு பெண் எழுந்து கேட்டது. நல்ல கேள்வி. நிக்கல் இல்லாத குரோமிய எவர்சில்வரில் காந்தம் ஒட்டும். அது டூப்ளிகேட் அல்ல. நிக்கலைக் குறைத்து, பதிலுக்கு மாங்கனீசு சேர்த்த மலிவு ரகத்தில் காந்தம் ஒட்டாது. ஆனால் அதுதான் சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் துருவேறும். ஆக, காந்தத்தை வைத்துத் தரம் பார்க்காதீர்கள். ஹீத் துரையின் மாங்கனீசு இன்று நம் மலிவு டம்ளருக்குள் உட்கார்ந்திருக்கிறது. உப்பு ஊறிய ஊறுகாயை எந்த எவர்சில்வரிலும் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். உப்பு அந்தச் சவ்வை ஓட்டை போடும். அதற்கு ஜாடிதான்.

நெய் பூசிய வேல்

மகளுக்கு என்ன சொன்னேன்? "ரசத்துக்கு எவர்சில்வர், தோசைக்கு வார்ப்பு. சூட்டோட தண்ணி ஊத்தாதே. கழுவினதும் துடைச்சு ரெண்டு சொட்டு எண்ணெய் தடவு" என்றேன். "தினமுமா?" என்றாள். "தினமும்."

சொல்லிவிட்டு யோசித்தேன். இந்த இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் கடத்துதிறன்கூட அல்ல. துருவுக்குக் காவல் யார் என்பதுதான். எவர்சில்வரில் குரோமியம் காவல் இருக்கிறது, நாம் மறந்துவிடலாம். வார்ப்பிலும் தேனிரும்பிலும் மனிதக் கைதான் காவல். எண்ணெய் சூட்டில் இறுகி இறுகி ஒரு கருப்புத் தோலாகிறது. ஒவ்வொரு நாளும் ஒரு கை அதைச் செய்தால்தான் உண்டு.

புறநானூற்றின் 95-ஆம் பாட்டு நம் தகடூர் அதியமானைப் பற்றியது. அவனுக்காக ஒளவையார் காஞ்சித் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைப் பெருமையாகக் காட்டுகிறான். பீலி சூட்டி, நெய் பூசி, காவலில் வைத்த வேல்கள். ஒளவையார் பாராட்டுவது போலவே சொல்கிறார், எங்கள் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று. பள்ளியில் இதை வீரத்துக்கும் அங்கதத்துக்கும் நடத்துவார்கள். எனக்கு இப்போது இரண்டு சங்கதி தெரிகிறது. ஒன்று, இரும்புக்கு நெய் பூசிக் காக்கும் வழக்கம் அவ்வளவு பழையது. அம்மா கல்லுக்குச் செய்ததும் அதுவே. இன்னொன்று, தகடூரில் ஓயாமல் வேலை நடக்கிற ஒரு கொல்லன் பட்டறை இருந்தது. பாட்டோடு சேர்ந்து மன்னன் பெயர் நிற்கிறது. முறிந்த முனையைத் தட்டி நிமிர்த்தியவன் பெயர் அங்கேயும் இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சிட்டக்கல் மேட்டைத் தேடினேன். மேடு இல்லை. ஜேசிபி வைத்துச் சமன் செய்து மனைக்கற்கள் நட்டிருக்கிறார்கள். வரப்போரத்தில் ஒரே ஒரு துண்டு கிடைத்தது. கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். பேத்தி காந்தத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். லேசாகப் பிடித்தது. "தாத்தா, கல்லு காந்தத்த இழுக்குது!" என்று ஓடினாள்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு மேடு இன்னும் இருந்தால், சமன் செய்யும் முன் ஒருமுறை போய்ப் பாருங்கள். பெரியவர்கள் யாராவது அதைப் பற்றி ஏதாவது சொன்னால், அது ராட்சசன் கதையாக இருந்தாலும் சரி, எழுதி வையுங்கள். முடிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

மகள் கல் வாங்கிவிட்டாள். முதல் தோசை ஒட்டிக்கொண்டதாம். மூன்றாவது வந்துவிட்டதாம்.